அருமைநாயகம் விழாமல் நின்ற கதை

தேரிச் செம்மணல் மேட்டுக்குக் கிழக்கே, உப்புக்காற்றுக்கு மேற்கே, தேரிவிளை என்று ஒரு ஊர் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த ஊரில் பம்புசெட் மெக்கானிக் அருமைநாயகம் ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு செல்போன் டவரிலிருந்து கால் தவறி விழுந்தார், ஆனால் தரைக்கு வந்து சேரவில்லை.

விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். போலீஸ்காரர் இரண்டு பேர் பார்த்தார்கள், தீயணைப்பு வண்டிக்காரர்கள் பார்த்தார்கள், டீக்கடை செல்லப்பழம் கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீயோடு பார்த்தார், அருமைநாயகத்தின் சம்சாரம் தங்கபுஷ்பம் பார்த்தாள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஆண்டவரே" என்றாள். சத்தம் வரும் என்று காத்திருந்தாள், தேங்காய் விழுகிற மாதிரி ஒரு சத்தம் இதோ வரும், இதோ வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கண்ணைத் திறந்தபோது டவரின் உச்சிக்கும் தரைக்கும் நடுவே, பிடிக்க ஒரு கம்பியும் இல்லாமல், ஒரு காலை முன்னால் நீட்டியபடி, கிணற்றுக்குள் இறங்குகிறவன் அடுத்த படியைக் காலால் துழாவுகிற மாதிரி அவர் காற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"பிடிச்சாச்சா?" என்று மேலிருந்து கேட்டார். யாரும் பிடிக்கவில்லை என்று அவருக்குச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அவர் டவரில் ஏறினது தண்ணீருக்காக. தெருக்குழாயில் தண்ணீர் சித்திரையில் மஞ்சளாய் வந்தது, வைகாசியில் நாற்றமாய் வந்தது, ஆனியில் ஒன்பது பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலையாய் வந்தது. ஏழு திங்கட்கிழமை அவர் பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தார். ஏழு ரசீதையும் வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். எட்டாவது மனுவை எழுதுகிறபோதுதான் இசக்கிராஜா வந்தான். அவன் ஒரு டிவி சேனலுக்கு இந்தப் பக்கத்துச் செய்திகளை அனுப்புகிறவன்; சொந்த ஊர்க்காரன்; முப்பது வயசு; அவரைச் சித்தப்பா என்றும் அவளைச் சித்தி என்றும் கூப்பிட்டு, வந்தால் அடுப்படிவரைக்கும் வந்து உட்காருகிறவன்.

"சித்தப்பா, மனு குடுக்கிறது செய்தியில்ல. ஆபீஸ் வாசல்ல மண்ணெண்ணெயை ஊத்திக்கிட்டா செய்தி. அது நமக்கு வேண்டாம். டவர்ல ஏறுங்க. அது சேதாரம் இல்லாத செய்தி. நீங்க ஏறுங்க, நான் கேமராவோட நிக்கேன், சாயங்காலத்துக்குள்ள குழாய் மாறலன்னா என் பேரை மாத்துங்க" என்றான்.

அப்படித்தான் ஏறினார். ஏறி உச்சிக்குக் கீழே ஒரு கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றபோது, கீழேயிருந்து இசக்கிராஜா செல்போனில் கூப்பிட்டான். "சித்தப்பா, நீங்க இப்படிப் பத்திரமா நின்னா பாக்கவே ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு. சேனல்ல லைவ் கேக்கான். ஒரு காலை மட்டும் வெளிய நீட்டுங்க. சும்மா, ஒரே நிமிஷம்."

படம் பிடிக்கிறவன் சொன்னால் மறுக்கத் தெரியாத சனம் நாங்கள். கல்யாண வீட்டில் கழுத்தைத் திருப்பு என்றால் திருப்புவோம், தாலி கட்டிய கையை மறுபடி கொண்டு போ என்றால் கொண்டு போவோம், சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றி நெருங்கி நில்லுங்கள் என்றால் அழுகையை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு உயரப்படி வரிசையாய் நிற்போம். அருமைநாயகமும் காலை நீட்டினார்.

தீயணைப்புக்காரர்கள் ஏணியை நீட்டி அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். மூன்று பேர் அவர் காலைப் பிடித்துக்கொண்டு பலாக்காய் மாதிரி தொங்கிப் பார்த்தார்கள். அவர் இம்மியும் அசையவில்லை. "எனக்கு வலிக்கல, உங்களுக்குத்தான் கை வலிக்கும், விடுங்கய்யா" என்றார். நாலு மணிக்கு அவர் கையில் ஒரு கயிற்றுச் சுருளைக் கொடுத்து, பசித்தால் இதைக் கீழே விடுங்கள் என்று சொல்லிவிட்டு, வேறொரு ஊரில் ஒரு மாடு கிணற்றில் விழுந்துவிட்டது என்று போனார்கள். மாடு விழுந்து தரைக்குப் போயிருந்தது. அது அவர்களுக்குத் தெரிந்த வேலை.

ஊர் பழகிக்கொண்டது. அதிசயமெல்லாம் முதல் நாளுக்குத்தான். மறுநாள் காலையில் அதற்கும் சாணி தெளித்துக் கோலம் போட்டாகவேண்டும். பஞ்சாயத்தில் அவருக்கு நேர் கீழே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, உள்ளே யாரும் ஆடு கட்டக்கூடாது என்றார்கள். பெண்டுகள் அந்தப் பக்கமாய்த் துணி காயப்போடுவதை நிறுத்தினார்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி காயப்போட்டார்கள். அவர் நிழல் பள்ளிக்கூடச் சுவரைத் தொட்டால் சத்துணவுக்கு மணி அடித்தார்கள். கண்டக்டர்கள் "அந்தரத்துக்காரர் எறங்கு" என்று விசில் ஊதினார்கள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆள் எண்ணுகிறபோது அவரையும் சேர்ப்பதா வேண்டாமா என்று சபை மூப்பர்கள் பேசி, பாட்டுச் சத்தம் அவர் இருக்கிற இடத்துக்குக் கேட்கும் என்பதால் சேர்ப்பது என்று முடிவாயிற்று. சேனல் வண்டிகள் ஆறு வந்து, கூட்டம் வந்து, கூட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் லாரியும் வந்தது. தெருக்குழாயில் மட்டும் பழைய மஞ்சள்தான்.

தங்கபுஷ்பம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. காலையில் முந்நூறு பிள்ளைக்கு அரிசி களைந்துவிட்டு, உச்சிப்பொழுதுக்கு ஒரு தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்து நிற்பாள். அவர் கயிற்றை இறக்குவார். அவள் தூக்குச்சட்டியைக் கட்டுவாள். அவர் இழுத்துக்கொள்வார். முதல் நாள் கயிற்றின் நுனி தரையில் கிடந்தது. மூன்றாம் நாள் அவள் இடுப்புக்கு வந்தது. ஐந்தாம் நாள் அவள் எக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது.

"கயித்தை சுருட்டி வச்சிருக்கியளா?" என்று கேட்டாள்.

"இல்லட்டி, முழுசும் விட்டுட்டேன்."

அவள் ஒரு பழைய நூல்சேலையைக் கிழித்து முடிச்சுப்போட்டு ஒட்டுப்போட்டாள். மறுவாரம் இன்னொன்று.

ஏன் என்று அவளுக்குப் புரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கயிறு அவள் உள்ளங்கையில் இருக்க, டீக்கடை டிவியில் பெரிய சத்தத்தோடு, மதுபோதையில் டவரில் ஏறிய நபர் என்று வாசித்தார்கள். ஆயுசில் பனங்கள்ளைக்கூட மோந்து பார்க்காத மனுஷன். அந்த வார்த்தை முடியுமுன்னே கயிறு அவள் கையை உரசிக்கொண்டு மேலே ஓடிற்று, ஒரு முழம். அவள் அண்ணாந்து பார்த்தாள். அவர் ஒன்றும் அறியாமல் குழம்பில் முருங்கைக்காயைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு டிவியைக் கேட்க ஆரம்பித்தாள். குடும்பத் தகராறு என்றார்கள், ஒரு முழம் ஏறினார். மனைவியின் நடத்தையில் சந்தேகமா என்று கேள்விக்குறி போட்டுக் கேட்டார்கள், கேள்விக்குறிக்கும் சேர்த்து ஒன்றரை முழம் ஏறினார். வெளிநாட்டுச் சதி என்றார்கள், சித்தர் என்றார்கள், கம்ப்யூட்டர் வித்தை என்றார்கள், நாலு பேரை நாலு கட்டத்தில் உட்காரவைத்து ஒருவர் பேசுகையில் மற்ற மூவரும் பேசினார்கள். அன்றைக்கு அவர் பட்டம் மாதிரி விறுவிறுவென்று போய் டவரின் உச்சியைத் தாண்டிவிட்டார். ஊர்க்காரர்களும் சும்மா இல்லை. செல்லப்பழம் மைக்கைக் கண்டதும், தலையைச் சுற்றி ஒரு வெளிச்சம் பார்த்தேன் என்றார், ஒரு முழம். தலைமையாசிரியர், சின்ன வயசிலேயே அவர் வகுப்பில் பெஞ்சுக்கு மேலே மிதப்பார் என்றார், இன்னொரு முழம். தண்ணீர் என்ற வார்த்தையை மட்டும் எந்தச் சேனலும் சொல்லவில்லை. தங்கபுஷ்பம் எட்டுச் சேலை கிழித்துவிட்டாள். கண்ணுக்கு அவர் ஒரு பருந்து அளவு இருந்தார். பேச்சு கேட்கவில்லை, கயிற்றை இரண்டு தடவை அசைத்தால் சாப்பிட்டாச்சு என்று அர்த்தம்.

அவள் இசக்கிராஜாவைத் தேடிப் போனாள். வண்டிக்குப் பக்கத்தில் குடைக்குக் கீழே, சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு நின்றான். கயிற்றின் நுனியைக் கையில் சுற்றியபடியே, அது எட்டுமட்டும் வந்து நின்று, அவனைக் கூப்பிட்டாள்.

"ஏய்யா ராஜா, நீ ஒருத்தன் உண்மையைச் சொல்லிரு. தண்ணிக்குத்தான் ஏறினாவன்னு சொல்லு. காலை நீட்டச் சொன்னது நாந்தான்னு சொல்லு. நீங்க சொல்லுத பொய் ஒவ்வொண்ணும் அவியள மேலே தூக்குது. நான் கையில புடிச்சுப் பாத்தேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவா பேசுங்க சித்தி. நான் என்ன எனக்காகவா செஞ்சேன்? ஊருக்கு நல்ல தண்ணி வரணும்ங்கிற ஒரே எண்ணத்துலதான் சித்தப்பாவை ஏறச் சொன்னேன். சத்தியமா."

கயிறு அவள் கையைச் சுண்டி இழுத்தது. அவள் குதிகால் மணலைவிட்டு எழும்பி மறுபடி ஊன்றிற்று. இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒரு முழம் தாராளமாய் இருக்கும்.

இசக்கிராஜாவின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. பிறகு, "சொல்லுதேன் சித்தி, நாளைக்கே சொல்லுதேன்" என்றான்.

சொன்னான். பொய் சொல்லக்கூடாது, அத்தனையும் சொன்னான். பவுடர் போட்டு, தலை சீவி, இரண்டு விளக்குக்கு நடுவே நின்று, அவர் தண்ணீருக்காகத்தான் ஏறினார், காலை நீட்டச் சொன்ன பாவி நான்தான் என்று ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல் சொன்னான், சொல்லும்போது அழுதான், அழுகை வந்த இடத்தில் கேமரா கிட்டே போயிற்று. "நிருபரின் மனசாட்சி! உறைய வைக்கும் வாக்குமூலம்!" என்று சிவப்பு எழுத்து ஓடிற்று. தங்கபுஷ்பம் கயிற்றை நெஞ்சோடு அணைத்து, இப்போது இறங்குவார், இதோ இறங்குவார் என்று நின்றாள். கயிறு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குளிர் காய்ச்சல்காரன் கை மாதிரி லேசாய் நடுங்கிற்று, அவ்வளவுதான்.

அவளுக்கு அது விளங்கவில்லை. உண்மைதானே சொன்னான்? வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, "உண்மையும் போதாதா ஆண்டவரே, வேற என்ன கேக்கிறீர்?" என்று அழுதாள். இசக்கிராஜாவின் அழுகையை ஊர்உலகமெல்லாம் பார்த்ததாம். அவனைச் சென்னைக்கே வரச்சொல்லி வேலை உயர்த்திக் கொடுத்தார்கள்.

பிறகு ஐப்பசி பிறந்தது. வடக்கே ஒரு சினிமாக்காரர் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பிரிந்தார்கள், சேனல் வண்டிகள் ஆறும் ஒரே நாளில் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போயின. வண்டி போனதும் கூட்டம் போயிற்று, கூட்டம் போனதும் தண்ணீர் லாரி போயிற்று. தினமும் பார்க்கிற எதையும் மனுஷன் பார்ப்பதில்லை. பிள்ளைகள் சுண்ணாம்பு வட்டத்தில் பம்பரம் விட்டார்கள். மழையில் வட்டமும் கரைந்தது. எதிர்வீட்டு மரியசெல்வி, "யக்கா, இன்னும் சோறு கொண்டு போறியளா?" என்று கேட்டாள்; கெட்ட எண்ணமில்லை, மறந்துதான் கேட்டாள். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஷீலா போனில், "அம்மா, நீ இங்க வந்து எங்ககூட இரு. அப்பாவை ஆண்டவர் பார்த்துப்பார்" என்றாள்.

"ஆண்டவர் பாத்துக்குவாருட்டி. ஆண்டவர் குழம்பு வைப்பாரா?" என்று தங்கபுஷ்பம் போனை வைத்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம், மழை விட்ட நேரத்தில், இசக்கிராஜா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். கேமரா இல்லை, மைக் இல்லை, முகத்தில் நாலு நாள் தாடி. அவள் ஈரக் கயிற்றைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சித்தி, ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அன்னைக்கு டிவியில சொன்னேம்லா, அதையும் டிவிக்காகத்தான் சொன்னேன். அழுதா நல்லா ஓடும்னு தெரிஞ்சுதான் அழுதேன். முதல்ல ஏறச் சொன்னதும் தண்ணிக்கு இல்ல. அந்த மாசம் என் செய்தி ஒண்ணுகூட வரல. என்னைத் தூக்கிருவான்னு பயம். உங்க வீட்டுல சோறு திங்கும்போதே யோசிச்சேன், இவிய சொன்னாக் கேப்பாவன்னு. யாருகிட்ட சொல்லணும்னு தெரியல. உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணிச்சு."

அவள் கையில் கயிறு தொய்ந்தது. குனிந்து பார்த்தாள். அதன் நுனி ஈரமணலில் ஒரு சாண் நீளத்துக்குப் புரண்டு கிடந்தது.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் இறங்கியிருந்தார்.

"பாத்தியாய்யா?" என்றாள். இசக்கிராஜா மணலில் உட்கார்ந்து, டிவியில் அழாத அழுகை ஒன்று அழுதான்.

ஆனால் ஒரு சாண் என்பது ஒரு சாண்தான். அன்றைக்கு ராத்திரி கடலிலிருந்து ஏறின காற்று மூன்று நாள் அடித்தது. சேலைக் கயிறு நடுவில் அறுந்து, நனைந்த பாம்பு மாதிரி கீழே வந்து விழுந்தது. மேல்பாதி அவர் கையிலிருந்து தொங்கி, டவரின் உச்சிக்கு அருகே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று நாள் அவர் சாப்பிடவில்லை. தீயணைப்புக்குப் போன் செய்தால், வெள்ளத்துக்குப் போயிருக்கிறோம் என்றார்கள். சேனலுக்கு இசக்கிராஜா போன் செய்தான், "விழுந்துட்டாரா? விழலன்னா என்ன புதுசு?" என்று கேட்டார்கள். அவன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

நாலாம் நாள் சனிக்கிழமை, மத்தியானம், மேகம் கொஞ்சம் விலகிற்று. தங்கபுஷ்பம் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, முந்தானையை வரிந்து செருகிக்கொண்டு டவரின் அடியில் வந்து நின்றாள்.

"என்ன சித்தி செய்யப் போறிய? குடுங்க, நான் ஏறுதேன்."

"நீ கீழ நில்லு. நான் ஏத்தி விட்ட ஆளு. நான்தான் போணும்."

அவள் என்ன சொன்னாள் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை. கம்பிகள் மழையில் வழுக்கின. ஐம்பத்தைந்து வயசு, முட்டிவலி, தூக்குச்சட்டியின் கைப்பிடி பல்லுக்கிடையில். ஒரு படிக்கு ஒரு ஆண்டவரே. காலுக்குக் கீழே பள்ளிக்கூடம் தீப்பெட்டியாயிற்று, கோயில் கோபுரத்துச் சிலுவை அவள் இடுப்புக்குக் கீழே போயிற்று. காற்று அவளை ஒரு தடவை கம்பியிலிருந்து பிரித்துப் பார்த்தது. அவள் முழங்கையை உள்ளே கோத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வரும்வரைக்கும் நின்று, மறுபடி ஏறினாள். ஏறினவள் இறங்கமாட்டாள் என்றே கீழே கூடின நாலைந்து பேரும் நினைத்தார்கள்.

உச்சியில் சின்ன ஒரு தட்டு இருந்தது. அதில் உட்கார்ந்து அண்ணாந்தாள். அவர் இரண்டு பனை உயரத்துக்கு மேலே இருந்தார். தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது, காலிரண்டும் துவண்டு தொங்கின. கயிற்றின் நுனியைப் பிடித்துத் தூக்குச்சட்டியைக் கட்டி, அசைத்தாள். மேலே இழுக்கவில்லை. இன்னும் அசைத்தாள். விரல் ஒன்று அசைந்த மாதிரி இருந்தது, கயிறு ஒரு சாண் போய் நின்றுவிட்டது. இழுக்க அவருக்குப் பெலன் இல்லை. சோறு இருக்கிறது, கயிறு இருக்கிறது, அவரும் இருக்கிறார். அவள் கண் முன்னே அவர் பசியில் சாகப்போகிறார்.

அவருக்கு இனி எதுவும் ஊட்ட முடியாது என்று தெரிந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றிற்று. இந்த மனுஷனை ஒரு பொய்யோடு அனுப்பக்கூடாது. இறங்கி வருவார் என்று அவள் நினைக்கவில்லை. அந்த ஆசை படி ஏறுகையிலேயே எங்கோ நழுவி விழுந்துவிட்டது.

"என்னங்க!" என்று கத்தினாள். "கேக்கா? நான் பேசுதேன். கேமராக்காரன்கிட்ட, நான் எவ்வளவோ தடுத்தேன், கேக்காம ஏறிட்டாவன்னு சொன்னேன். ஊரு பூரா சொன்னேன், பாஸ்டரையாகிட்டயும் சொன்னேன். பொய்யி. முந்தின நாள் நீங்க, வேண்டாம் புஷ்பம், நமக்கு எதுக்குன்னு சொன்னீங்க. நான்தான் ஏறுங்கன்னேன். தண்ணிக்கு இல்லங்க. ஷீலா மாமியார், உங்க வீட்டுக்கு ஒரு பேர் இல்ல, ஊர் இல்லன்னு சொன்னாள்ளா, அது எனக்கு முள்ளா குத்திக்கிட்டே இருந்துது. டிவியில நம்மள ஒருநாள் அவ பாக்கட்டும்னு நெனச்சேன். அன்னைக்கு நான் கத்தரிப்பூப் பட்டு கட்டியிருந்தேன். நீங்க செத்துருவியளோன்னு நிக்கிற பொம்பளை பட்டா கட்டுவா? நான் கட்டினேன். நீங்க விழும்போதும் என் முந்தானை சரியா இருக்கான்னு பாத்தேன். இவ்வளவுதான். நீங்க இறங்கினாலும் இறங்காட்டாலும் நான் இதைச் சொல்லியாகணும்."

காற்று அவள் குரலை எடுத்துக்கொண்டு போயிற்று. அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. முகத்தைக் கம்பியில் வைத்து அழுதாள். நிமிர்ந்தபோது அவர் வேட்டியின் கிழிந்த கரை கண்ணுக்குத் தெரிந்தது. தாடியில் நரை தெரிந்தது. ஒரு பனை உயரம் குறைந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதிப் பனை குறைந்தது.

"தெரியும்ட்டி" என்றது ஒரு குரல், காய்ந்த ஓலை உரசுகிற மாதிரி.

"என்னது?"

"பட்டு கட்டினது. மேலருந்து பாத்தேம்லா. நல்லாத்தான் இருந்துது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சொன்னதுக்கா நான் ஏறினேன்? நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன். நீ சொல்லுமுன்னையே வெள்ளை வேட்டியை இஸ்திரிக்குக் குடுத்துட்டேன்." மூச்சு வாங்கினார். "முப்பது வருஷமா கிணத்துக்குள்ள இறங்குதேன் புஷ்பம். எந்தக் கிணத்துலயாவது எவனாவது எட்டிப் பாத்திருப்பானா? கயித்தைக் கட்டிவிட்டுட்டு டீ குடிக்கப் போயிருவான். ஒருநாள் ஊரு என்னை அண்ணாந்து பாக்கட்டும்னு ஆசை. தண்ணிக்காகன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கே சொன்னேன். ஏறினது தண்ணிக்காகவும்தான். காலை நீட்டினது தண்ணிக்கு இல்ல."

அதைச் சொல்லிவிட்டு அவர் சின்னப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தார். சிரித்தபடியே வந்தார், காற்றில் இறகு இறங்குகிற மாதிரி மெதுவாய், ஒரு ஆள் உயரம், ஒரு முழம், ஒரு சாண். அவர் பாதம் அவள் நெற்றிக்கு நேரே வந்தது, வெயிலிலும் மழையிலும் வெடித்த பாதம். அவர் இடுப்பு கைக்கு எட்டியதும் அவள் ஒரு கையால் கம்பியைக் கோத்துக்கொண்டு மறு கையால் அவரை இடுப்போடு சேர்த்து அணைத்தாள்.

அணைத்த மறு நொடி அவர் விழுந்தார்.

இரண்டு மாதம் தேங்கி நின்ற விழுகை அத்தனையும் அந்த ஒரு கைக்கு வந்தது. தோள்மூட்டு பிசகுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. தட்டு கிறீச்சிட்டது, முடிச்சு அவிழ்ந்து தூக்குச்சட்டி உருண்டு கம்பி கம்பியாய் மோதிக்கொண்டு கீழே போயிற்று. அவர் எலும்பும் தோலுமாய்த்தான் இருந்தார், ஆனால் மலை மாதிரி இருந்தார், ஈரமூட்டை மாதிரி இருந்தார், பெற்ற பிள்ளையை முதன்முதலில் கையில் வாங்கினபோதுகூட அவள் இப்படி ஒரு பாரத்தை வாங்கினதில்லை. பல்லைக் கடித்து, காலைக் கம்பிக்குள் மடக்கி, சேலைக் கயிற்றை அவரையும் தன்னையும் டவரையும் சேர்த்துச் சுற்றி இறுக்கினாள். அவர் தலை அவள் பிசகின தோளில் விழுந்தது. வலியில் அவளுக்குக் கண் இருட்டிற்று.

"சித்தி!" என்று கீழேயிருந்து இசக்கிராஜா அலறினான். "சித்தி, என்னாச்சு? புடிச்சிட்டியளா?"

அவளுக்கு அழுகையும் மூச்சும் ஒன்றாய் வந்தன.

"கனமா இருக்காவய்யா!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். "ராஜா, ரொம்பக் கனமா இருக்காவ!"